அசையும் அனிமே உருவங்கள்: ஒரு பெட்டிக்குள் எத்தனை கணங்கள்?

அனிமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு பாத்திரத்தின் மூக்கு எங்கே இருக்கிறது என்பது ஒரு கேள்வியாகவே தோன்றாது. நேராகப் பார்த்தால் ஒரு சிறு நிழல். பக்கவாட்டில் திரும்பினால் கூரான முனை. கோபத்தின் உச்சியில் அந்த மூக்கு இல்லாமலும் போய்விடும். நெற்றியில் விழுந்த முடியையும் தாண்டிப் புருவம் தெரியும். குத்த வரும்போது முஷ்டி தலையைவிடப் பெரிதாகும், பாய்ந்து ஓடும்போது கால் அளவு மீறி நீளும். விநாடிக்கு எட்டு, பன்னிரண்டு என்று படம் வரைந்து ஓட்டும் கலை அது. ஒவ்வொரு படமும் தனக்கு வேண்டிய உடலைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. யோஷினோரி கனடா (1952–2009) போன்ற வரைகலைஞர்கள் இந்தச் சுதந்திரத்தை எல்லை வரை கொண்டுபோனார்கள். கைகால்கள் திசைக்கொன்றாகத் தெறித்து நிற்கும் அவருடைய பாணி, ஜப்பானிய அதிரடிக் காட்சிகளின் பொது மொழியாகவே ஆகிவிட்டது.

பிளாஸ்டிக்கில் வார்த்த உருவத்துக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. அதற்கு ஒரே உடல்தான், ஒரே அளவுதான். மூக்கை ஓரிடத்தில் வைத்தாக வேண்டும். முழங்கை மடங்கினால் அங்கே ஒரு வெட்டு தெரியும், தோளைத் தூக்கினால் அக்குளில் இடைவெளி விழும். மூட்டு வைத்த அனிமே உருவங்களின் வரலாறு முழுவதும் இந்த ஒரு முரண்பாட்டோடு நடந்த போராட்டம் என்றே நான் பார்க்கிறேன். அந்தப் போராட்டத்தில் உடலைவிட அதிகம் உழைத்தவை, பெட்டிக்குள் உடலைச் சுற்றி அடுக்கி வைத்திருக்கும் சின்னஞ்சிறு பாகங்கள்: மாற்றுக் கைகள், மாற்று முகங்கள், ஆயுதங்கள், ஒளியையும் நீரையும் காட்டும் தெளிந்த பிளாஸ்டிக் துண்டுகள், தாங்கி. இந்த உருவங்களுக்கு வரும் மதிப்பீடுகளில் பெரும்பாலானவை இவற்றைக் கடைசியில் ஒரு பட்டியலாகப் போட்டு முடித்துக்கொள்கின்றன. கை இத்தனை ஜோடி, முகம் இத்தனை, ஆகவே கொடுத்த காசுக்குச் சரி. இந்த எண்ணிக்கை எதையும் சொல்வதில்லை. உடலால் எது முடியவில்லை, அதை எந்தப் பாகம் ஈடுகட்டுகிறது, அதன்மூலம் அந்தப் பாத்திரத்தின் எந்தக் கணம் நம் மேசைமேல் சாத்தியமாகிறது என்பதுதான் மதிப்பீட்டின் கேள்வியாக இருக்க வேண்டும்.

மூட்டுள்ள வீர உருவம் ஜப்பானில் பிறக்கவில்லை. 1964இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ.ஜோ என்ற படைவீரனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. துணி உடுப்பும் துப்பாக்கியும் தனித்தனியாக வாங்கிச் சேர்க்கலாம். துணைப் பொருளே வியாபாரம் என்ற எண்ணம் அங்கேயே வேரூன்றிவிட்டது. டக்காரா நிறுவனம் அதை ஜப்பானுக்கு எடுத்துப்போய், 1972இல் உடல் கண்ணாடிபோலத் தெரியும் ‘ஹென்ஷின் சைபோர்க்’ ஆக மாற்றியது. 1974இல் அதையும் சுருக்கி, உள்ளங்கைக்குள் அடங்கும் ‘மைக்ரோமேன்’ ஆக்கியது. அத்தனை சிறிய உடலுக்குள் அத்தனை மூட்டுகளை அடக்க முடியும் என்று காட்டியது மைக்ரோமேன்தான். ஆனால் அது தொலைக்காட்சியிலிருந்து வந்த பாத்திரம் இல்லை, யாருடைய சாயலையும் அது காப்பாற்ற வேண்டியிருக்கவில்லை. 1980இல் 300 யென்னுக்கு வந்த பண்டாயின் குண்டம் ரோபோ மாடல்கள் சாயலைக் காப்பாற்றின, ஆனால் அவை இயந்திரங்கள். இயந்திரத்தின் முழங்காலில் வெட்டு தெரிந்தால் யாருக்கும் உறுத்தாது. முகம், தோல், பாவாடை, காற்றில் பறக்கும் முடி உள்ள மனிதப் பாத்திரத்துக்கு மூட்டு வைப்பது வேறு வேலை. அந்த வேலை உருப்படியாக நடந்தது 2006க்குப் பிறகுதான்.

ஒசாகாவை அடுத்த கதோமாவைச் சேர்ந்த காயோடோ நிறுவனம், 1964இல் ஒரு சிறு மாடல் கடையாகத் தொடங்கியது. 2006இல் அது ‘ரிவோல்டெக்’ என்ற வரிசையை வெளியிட்டது. சிற்பி கட்சுஹிசா யமகுச்சியின் பாணியை மையமாக வைத்து எழுந்த வரிசை அது. திருகும்போது ‘கிளிக், கிளிக்’ என்று படிப்படியாக நிற்கும் ஒரு பொது மூட்டைச் செய்து, அதையே எல்லா உருவங்களிலும் பொருத்தினார்கள். மனிதக் கை எப்படி மடங்கும் என்பதில் யமகுச்சிக்கு அவ்வளவாக அக்கறை இல்லை. பாய்ந்து தாக்கும் கணத்தில் உடல் எப்படி முறுக்கிக்கொள்ளும் என்பதை முதலில் மனத்தில் நிறுத்தி, அதற்கேற்ப அங்கங்களைச் செதுக்கினார். ஆகவே ரிவோல்டெக் உருவம் நேராக நிற்கும்போது கொஞ்சம் விகாரமாகத் தெரியும். இடுப்பைத் திருப்பி ஒரு காலை மடக்கினால் உயிர் வந்துவிடும். கனடாவின் கோட்டுக்குப் பிளாஸ்டிக்கில் கிடைத்த நேர் வாரிசு என்று இதைச் சொல்லலாம். குறையும் அங்கேயே இருக்கிறது: மூட்டுத் தட்டு வெளியே தெரியும், படிப்படியாக நிற்பதால் இரண்டு படிகளுக்கு நடுவே உள்ள மென்மையான கோணம் கிடைக்காது.

2008 பிப்ரவரியில் ‘ஃபிக்மா’ வந்தது. மேக்ஸ் ஃபேக்டரி செய்தது, குட் ஸ்மைல் கம்பெனி விற்றது, மூட்டமைப்பின் பின்னால் இருந்தவர் மசாகி அசாய். முதல் எண்ணைப் பெற்ற பாத்திரம் எது என்பது கவனிக்க வேண்டிய விஷயம்: ‘ஹருஹி சுசுமியா’ தொடரின் யுகி நகாதோ. பள்ளிச் சீருடையில், முகத்தில் பாவமே காட்டாமல், மூலையில் உட்கார்ந்து புத்தகம் வாசிக்கும் பெண். வாளோ கவசமோ அவளுடைய அடையாளம் இல்லை. அன்றாட அசைவுகளையும், உட்காருவதையும், தலையைச் சற்றே சாய்ப்பதையும்கூட மூட்டுகளால் காட்ட முடியும் என்ற நம்பிக்கை அந்தத் தேர்விலேயே இருக்கிறது. மூட்டுகளைச் சிறிதாக்கி உடலின் கோட்டுக்குள் மறைப்பது ஃபிக்மாவின் வழி. முதுகில் ஒரு சிறு துளை, அதில் செருகும் மூட்டுள்ள தாங்கி, மாற்றுக் கைகளை வரிசையாகக் குத்திவைக்க ஒரு சிறு சட்டம், எல்லாவற்றையும் போட்டுவைக்க ஜிப் பை. தொலைந்துபோகக்கூடிய பொருள் இது என்று செய்தவருக்கே தெரிந்திருந்தது. இன்று அதன் வரிசை எண் 500ஐ எப்போதோ கடந்துவிட்டது.

அதே 2008இல் பண்டாய் ‘எஸ்.ஹெச். ஃபிகுவார்ட்ஸ்’ வரிசையைத் தொடங்கியது. முகமூடி வீரர்களில் தொடங்கி, 2009இல் பிக்கோலோ வழியாக ‘டிராகன் பால்’ தொடருக்குள் நுழைந்தது. மூட்டின் அருமையை ஒரே அசைவில் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் அத்தொடரின் நாயகன் சோன் கோகுவைக் கையில் எடுத்து, ஒளிக்கற்றையை எறியும் கமேஹமேஹா நிலைக்குக் கொண்டுவந்து பாருங்கள். இரண்டு மணிக்கட்டும் ஒன்றை ஒன்று தொட வேண்டும், விரல்கள் விரிந்து ஒரு கிண்ணம்போலக் குவிய வேண்டும், அந்தக் கிண்ணம் இடுப்பின் ஒரு பக்கத்துக்கு ஒதுங்க வேண்டும். அதற்கு எதிர்ப்பக்கக் கை மார்பைக் கடந்து வந்தாக வேண்டும். கோகுவின் மார்போ பாறைபோலப் பருத்தது. தோள் வெறும் பந்து மூட்டாக இருந்தால் புஜம் மார்புத் தசையில் முட்டி நின்றுவிடும், இரண்டு கைகளுக்கும் நடுவே ஒரு விரல்கடை இடைவெளி விழும். ரசிகனின் கண் அந்த இடைவெளியைத் தவிர வேறெதையும் பார்க்காது. 2010இல் வந்த முதல் கோகுவுக்கும் பின்னால் வந்தவற்றுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. தோள் முழுவதுமாக முன்னால் சுழன்று வரும்படி மார்புக்குள் இன்னொரு மூட்டை ஒளித்தார்கள். வயிற்றுப் பகுதியைத் தனித் துண்டாக்கினார்கள். இவ்வளவு செய்தும், விரிந்த விரல்களோடு தனியாக ஒரு ஜோடிக் கை இல்லையென்றால் கமேஹமேஹா இல்லை. மூட்டும் துணைப் பொருளும் சேர்ந்து ஒரு கணத்தை உண்டாக்குவதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

கைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த அளவில், அதாவது சுமார் 14 சென்டிமீட்டர் உயர உருவத்தில், விரல்களுக்கு மூட்டு வைத்தால் அவை தடித்துப்போகும் அல்லது உடையும். ஆகவே ஒவ்வொரு சைகைக்கும் ஒரு கை. மூடிய முஷ்டி, தளர்ந்த கை, பொருளைப் பிடிக்கும் கை, சுட்டும் கை. எத்தனை ஜோடி என்பதைவிட மணிக்கட்டு எந்தத் திசையில் மடங்குகிறது என்பது முக்கியம். பெரும்பாலான உருவங்களில் மணிக்கட்டு உள்ளங்கைப் பக்கமும் புறங்கைப் பக்கமும் மடங்கும். ஆனால் வாளை எதிரியை நோக்கி நேராக நீட்ட வேண்டுமானால் கை கட்டைவிரல் பக்கமோ சுண்டுவிரல் பக்கமோ சாய வேண்டும். அந்த மடிப்பு இல்லாத உருவத்தின் கையில் வாள் எப்போதும் வானத்தைப் பார்த்தபடியே நிற்கும். நல்ல தயாரிப்பாளர்கள் வாள் பிடிக்கும் கையை மட்டுமாவது இந்தக் கோணத்தில் செதுக்கித் தருகிறார்கள். இது விளம்பரப் படத்தில் தெரியாது. பெட்டியைப் பிரித்த பிறகுதான் தெரியும். மதிப்பீடு எழுதுபவர் முதலில் சொல்ல வேண்டியதும் இதைத்தான்.

முகங்கள் வேறு வகைச் சவால். கண்கள் அச்சிடப்படுகின்றன. செதுக்கிய வளைவின்மேல் மென்மையான ஒரு திண்டு மையை எடுத்து ஒற்றும் முறை அது. கருவிழி அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் பாத்திரம் வேறு ஆளாகிவிடும். முன்முடியைக் கழற்றி, முகத்தகட்டை மாற்றி, மீண்டும் முடியைப் பொருத்த வேண்டும். சாதாரண முகம், கத்தும் முகம், சிரிக்கும் முகம் என்று மூன்று கிடைத்தால் தாராளம் என்று நினைக்கிறோம். என் அனுபவத்தில் அதிகம் பயன்படுவது பக்கவாட்டில் பார்க்கும் கண்கள் உள்ள முகம். நேரே பார்க்கும் முகம் நம்மைத்தான் பார்க்கும். பக்கவாட்டுப் பார்வை உருவத்துக்கு எதிரே இன்னொருவர் இருப்பதாகக் காட்டும், அங்கே ஒரு கதை தொடங்கிவிடும். இதைப் புரிந்துகொண்டு முகங்களைத் தேர்ந்தெடுக்கும் தயாரிப்பைப் பார்த்தால் மனம் நிறைகிறது.

இனி ஒரே உருவத்தை எடுத்துக்கொண்டு நெருங்கிப் பார்ப்போம். ‘டீமன் ஸ்லேயர்’ தொடரின் நாயகனான வாள்வீரன் தஞ்சிரோ கமாடோ. கோயோஹாரு கோதோகே வரைந்து 2016 முதல் 2020 வரை வெளிவந்த மங்கா, 2019இல் யூஃபோடேபிள் நிறுவனத்தின் கையால் தொலைக்காட்சிக்கு வந்தது. 2025இல் அதன் ‘இன்ஃபினிட்டி கேசில்’ திரைப்படம் தமிழ் ஒலியோடு இங்கே திரையரங்குகளில் ஓடியபோது கதையை விளக்கத் தேவையே இருக்கவில்லை. தஞ்சிரோவின் ஃபிக்மா இரண்டு பெட்டிகளில் வந்தது: சாதாரணப் பதிப்பு, கூடுதல் துணைப் பொருட்களோடு டிஎக்ஸ் பதிப்பு.

முதல் சிக்கல் அவன் அணிந்திருக்கும் மேலங்கி. பச்சையும் கறுப்புமாகக் கட்டம்போட்ட ஹவோரி. துணியில் கட்டம் தானாக வளையும். பிளாஸ்டிக்கில் தோள், புஜம், முழங்கை, தொங்கும் கைப்பகுதி எல்லாம் தனித்தனித் துண்டுகள். கை நேராக இருக்கும்போது கட்டங்கள் ஒன்றோடொன்று சேர வேண்டும், கை மடங்கியபோதும் கண்ணை உறுத்தக்கூடாது. அகன்ற கைப்பகுதி தனியாக அசையாவிட்டால் வாளை ஓங்கும்போது துணி கல்லாக நிற்கும். இரண்டாவது, இரண்டு கைகளாலும் வாளைப் பிடிப்பது. தஞ்சிரோவின் நிலைகள் பெரும்பாலும் இருகைப் பிடிதான். கோகுவின் மார்பு செய்த அதே தடையை இங்கே ஹவோரியின் பருமன் செய்கிறது. வாள்பிடியின் நீளமும் இரண்டு கைகளின் கோணமும் ஒத்துவர வேண்டும், இல்லையென்றால் ஒரு கை பிடித்திருக்கும், மற்றது சும்மா பக்கத்தில் நிற்கும்.

மூன்றாவது தண்ணீர். இங்கேதான் இந்தக் கலையின் மிக நுட்பமான கேள்வி எழுகிறது. தஞ்சிரோ வாளை வீசும்போது சுழன்றெழும் அலைகள் கதைக்குள் உண்மையில் இருப்பவை இல்லை. அவனுடைய வாள்வீச்சின் ஓட்டத்தை நமக்கு உணர்த்த வரைந்தவை. யூஃபோடேபிள் அவற்றை உகியோ-ஏ மரச்செதுக்கு ஓவியங்களின் பாணியில், கனத்த கருங்கோட்டோடும் வெள்ளை நுரையோடும் வரைந்தது. அப்படி ஒரு கோட்டைப் பொருளாக்குவது எப்படி? வெறுமனே நீலத் தெளிவுப் பிளாஸ்டிக்கில் ஓர் அலையை வார்த்தால் அது நிஜத் தண்ணீரைக் காட்ட முயன்று தோற்றதுபோல இருக்கும். நுரையின் ஓரக் கோட்டையும் அச்சிட்டு, அலையைத் தட்டையாக, சற்றே ஓவியம்போல விட்டால் அது வெற்றி பெறுகிறது. ஏனென்றால் மூலத்திலும் அது ஓவியம்தான். எஃபெக்ட் பாகங்களைப் பற்றி நான் வைத்திருக்கும் அளவுகோல் இதிலிருந்து வந்தது: திரையில் அது கோடாக இருந்ததா, ஒளியாக இருந்ததா, புகையாக இருந்ததா என்று பார்த்து, அந்தத் தன்மையை மதித்துச் செய்திருக்கிறார்களா? கமேஹமேஹாவின் கற்றை ஒளி. அதற்குத் தெளிவுப் பிளாஸ்டிக் பொருந்தும், பின்னால் ஒரு விளக்கை வைத்தால் இன்னும் பொருந்தும். தஞ்சிரோவின் அலை மை. அதற்கு அச்சுதான் பொருந்தும்.

இரண்டு பெட்டி என்ற வியாபார முறை பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. பாத்திரத்தின் அடையாளமான பாகம் மலிவான பெட்டியில் இருந்தாக வேண்டும், அரிதாகக் காட்சிக்கு வரும் பாகம் உயர்ந்த பெட்டியில் இருக்கலாம். தன் முக்கியமான ஆயுதத்தைக் கடையில் தனியாக வாங்கவேண்டிய நிலையில் ஒரு வீரனை விற்பது அந்தப் பாத்திரத்துக்கு இழைக்கும் அநீதி. இணையத்தில் குறிப்பிட்ட நாட்களுக்குள் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் கிடைக்கும் கூடுதல் முகம், கூடுதல் எஃபெக்ட் என்ற வழக்கமும் பெருகிவிட்டது. ஒரு பாத்திரம் மூன்று விற்பனைகளில் சிதறிக் கிடக்கிறது. மதிப்பீடு எழுதும்போது இந்த மொத்தச் செலவையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் வாசகர் ஏமாந்துபோவார்.

விலையும் எங்கேயோ போய்விட்டது. ஃபிக்மா தொடங்கிய காலத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் யென்னுக்கு ஒரு முழு உருவம் வாங்கலாம். இன்று பத்தாயிரம் யென் சாதாரணம். எஃகு அச்சுகள் வெட்டுவதற்கான செலவு, பெரும்பகுதி உற்பத்தி நடக்கும் சீனாவில் கூலி உயர்ந்தது, மூலப்பொருள் விலை என்று காரணங்கள் பல. ஓர் உருவத்தில் கூடிக்கொண்டே போகும் துண்டுகளின் எண்ணிக்கையும் ஒரு காரணம். ஒவ்வொரு மாற்றுக் கைக்கும் அச்சில் இடம் வேண்டும், ஒவ்வொரு முகத்துக்கும் தனி ஒற்றல் வேண்டும். தேவையில்லாத நான்காவது ஜோடிக் கைக்கு நாம்தான் காசு கொடுக்கிறோம் என்பதை நினைவில் வைத்தால் எண்ணிக்கை மயக்கம் தெளியும்.

தாங்கியைப் பற்றி யாரும் ஆர்வமாக எழுதுவதில்லை. எழுத வேண்டும். முழு முடியையும் பிளாஸ்டிக்கில் சுமந்து நிற்கும் அனிமே உருவத்துக்குத் தலைக்கனம் அதிகம், பாதம் சிறிது. ஒற்றைக் காலில் நிற்கவே திணறும், காற்றில் பாயும் நிலைக்குத் தாங்கி கட்டாயம். ஃபிக்மா அதைப் பெட்டிக்குள்ளேயே தந்து பழக்கியது. முதுகுத் துளையில் குத்தி நிறுத்தினால் உருவம் நழுவாது, ஆனால் அந்தத் துளை நிரந்தரமாக முதுகில் இருக்கும். ஃபிகுவார்ட்ஸ் உருவங்களுக்குத் தாங்கி பெரும்பாலும் தனி விற்பனை. இடுப்பைப் பற்றும் கவ்வி அது, முதுகு கெடாது, ஆனால் கவ்வி படத்தில் விழும். ஃபிக்மாவின் 3 மில்லிமீட்டர் துளை பல மாடல் வகைகளிலும் இருக்கும் அளவு. வேறொரு நிறுவனத்தின் சிறகையோ ஆயுதத்தையோ அதில் பொருத்தி மகிழ்கிறவர்கள் ஏராளம். அளவில் உள்ள இந்த ஒற்றுமையால் ஒரு பெட்டியின் துணைப் பொருட்கள் பத்துப் பெட்டிகளுக்குப் பொதுவாகிவிட்டன.

இதுவரை சொன்னதற்கெல்லாம் எதிராக ஓர் உருவம் நிற்கிறது, அதை விட்டுவிட்டு இந்த ஆய்வை எழுத முடியாது. கியோஹிகோ அசுமாவின் ‘யோத்சுபா’ மங்காவில் வரும் டன்போ. அட்டைப்பெட்டிகளால் ஒரு சிறுமி தன் பள்ளி விடுமுறை வேலைக்குச் செய்து அணிந்துகொண்ட வேடம். சின்னப்பெண் யோத்சுபா அதை நிஜ ரோபோ என்றே நம்புகிறாள். காயோடோ அதை ரிவோல்டெக் வரிசையில் செய்தது. அட்டை முகத்தில் உணர்ச்சி மாறாது, விரல்களே இல்லை. முகத்தில் இரண்டு வட்டம், ஒரு முக்கோணம். தலையில் உள்ள விசையைத் தட்டினால் கண்கள் ஒளிரும். உலகம் முழுவதும் புகைப்படக்காரர்கள் அதிகம் தூக்கிக்கொண்டு திரிந்த உருவங்களில் இதுவும் ஒன்று. கழுத்தில் உள்ள அந்த ஒரு மூட்டு, தலையைச் சற்றே கீழே சாய்த்தால் வருத்தம், பக்கவாட்டில் சாய்த்தால் ஆச்சரியம் என்று காட்டிவிடுகிறது. கனமான பெட்டித் தலை, சின்ன உடல், மாறாத முகம். பார்ப்பவர் தன் உணர்வை அதில் ஏற்றிவிடுகிறார். நம் தோற்பாவைக்கூத்தில் வெட்டிய தோலின் மாறாத முகம் கோணத்தாலும் குரலாலும் அழுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். டன்போவால் என் வாதம் உடைந்துபோகவில்லை, அதற்கு எல்லை தெரிந்தது. மூலப்பாத்திரம் முகத்தால் பேசும் என்றால் முகங்கள் வேண்டும். முகமே பேசாத பாத்திரத்துக்குக் கழுத்து போதும்.

அடுத்தது ஆயுள். பெட்டி திறந்த அன்று எழுதும் மதிப்பீட்டில் இது வரவே வராது. முடிக்கும் தோலுக்கும் மென்மையான பி.வி.சி., உடலின் உறுதியான பாகங்களுக்கு ஏ.பி.எஸ்., உராய்வு அதிகமுள்ள சில மூட்டுகளுக்குப் பாலிஅசிட்டல் என்ற வழுக்கும் பிளாஸ்டிக். பி.வி.சி.யை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்த்தன்மையுள்ள பொருள் வெப்பத்தில் மெல்லக் கசியும். மூடிய பெட்டிக்குள், காற்றோட்டமில்லாத அலமாரியில், சென்னையின் மே மாதத்தில் இது வேகமாக நடக்கும். மேற்பரப்பு பிசுபிசுக்கும், தூசி ஒட்டிக்கொள்ளும். கறுப்பு உடுப்பின் சாயம் அடுத்திருக்கும் தோல்நிறப் பாகத்தில் ஊறும், அது போகாது. மாற்று முகங்களைக் கறுப்புப் பாகங்களோடு ஒரே பையில் போட்டுவைக்கக் கூடாது என்பது இதனால்தான். ஒரே நிலையில் சாய்த்து வைத்தால் மென்மையான கணுக்கால் மெல்ல வளையும். மெல்லிய வாள் வந்தபோதே வளைந்திருக்கும். சூடான நீரில் சில நொடி வைத்து, நேராகப் பிடித்து, குளிர்ந்த நீரில் முக்கினால் சரியாகிவிடும். இறுகிய மூட்டையும் இதேபோல இளக்கித் திருப்ப வேண்டும். பலத்தைக் காட்டினால் மணிக்கட்டின் செருகுமுனை முறிந்து உள்ளேயே நின்றுவிடும். ஃபிக்மா பெட்டிகளில் ஓர் உபரி மணிக்கட்டு மூட்டு வருவதன் நோக்கம் அதுவே, பார்த்ததும் தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

இங்கிருந்து வாங்குபவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இறக்குமதிப் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரியை இந்திய அரசு 2020இல் 20இலிருந்து 60 விழுக்காடாகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தியது. 2021 தொடக்கத்தில் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. தரச்சான்றும் கட்டாயமானது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலுக்கு வலுவூட்ட வந்த விதிகள் அவை. ஆனால் சேகரிப்பவரின் சிறு உலகத்தில் இவை அசலைத் தொலைவாக்கி, போலியை அருகில் கொண்டுவந்தன. கடைத்தெருவில் ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் தஞ்சிரோவைத் திருப்பிப் பாருங்கள். தோல் எண்ணெய்போலப் பளபளக்கும், கட்டங்கள் ஓரத்தில் கசிந்திருக்கும், கண் ஒன்று சற்றே விலகியிருக்கும், மூட்டு ஒன்று கல்லாகவும் இன்னொன்று களிமண்ணாகவும் இருக்கும். வாளைப் பிடிக்கும் கையில் வாள் நிற்காது. போலியைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் உடலைவிடத் துணைப் பொருட்களே. உடலின் அச்சைப் பார்த்துச் செய்துவிடுகிறார்கள், கையின் துளைக்கும் வாளின் பிடிக்கும் நடுவே உள்ள அந்தப் பத்தில் ஒரு மில்லிமீட்டரை அவர்களால் காப்பாற்ற முடிவதில்லை.

மதிப்பீடு எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது மிகச் சில. அந்தப் பாத்திரத்தை நினைத்தவுடன் மனத்தில் வரும் நிலை எதுவோ, அதைப் பெட்டியில் உள்ளவற்றைக் கொண்டு மட்டும் செய்து காட்டுங்கள். தொடக்கப் படத்தில் தயாரிப்பாளர் வைத்த அதே நிலையை மீண்டும் வைக்க வேண்டாம். அந்தப் படங்கள் பெரும்பாலும் கையால் வண்ணமடித்த முன்மாதிரியை எடுத்தவை, ஆலையிலிருந்து வருவது வேறு. முகத்தையும் கையையும் பலமுறை மாற்றிவிட்டு, மணிக்கட்டு தளர்ந்ததா என்று சொல்லுங்கள். உட்கார வையுங்கள். பாவாடையோ ஹவோரியோ எங்கே தடுக்கிறது என்று படம் பிடியுங்கள். எந்தத் துணைப் பொருளை நீங்கள் ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை என்பதையும் எழுதுங்கள். ஓராண்டு கழித்து இடுப்பு மூட்டு நிற்கிறதா என்று ஒரு பின்குறிப்பு போட்டால் அது முதல் நாள் எழுதிய பத்துப் பத்திக்குச் சமம்.

இதையெல்லாம் கறாராகச் செய்யும் ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது: டோக்கியோவில் நக்கானோ பிராட்வே வணிக வளாகத்தில் உள்ள மண்டராகே போன்ற பழைய பொருள் கடைகள். அங்கே ஓர் உருவம் விற்பனைக்கு வரும்போது பெட்டியின் மூலை நசுங்கியதா, தாங்கி இருக்கிறதா, எந்தக் கை காணவில்லை என்று குறித்து அதற்கேற்ப விலை வைக்கிறார்கள். கமேஹமேஹா கை இல்லாத கோகு, வாளில்லாத தஞ்சிரோ, அந்தக் குறிப்போடு பாதி விலைக்கு வந்தாலும் வாங்குபவர் யோசிப்பார். உபரி முஷ்டி ஒன்று காணாமற்போயிருந்தால் அதே ஆள் கவலைப்படாமல் வாங்கிப்போவார். எந்தப் பாகம் இல்லாவிட்டால் விலை விழுகிறது, எது இல்லாவிட்டாலும் விழவில்லை என்று கொஞ்ச காலம் கவனித்துவந்தால், புதுப் பெட்டி ஒன்றுக்கு முன்பதிவு செய்யும் முன் அதன் துணைப் பொருட்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்பது பிடிபட்டுவிடும்.